ஒற்று மிகும் இடம்

வரைபடத்தில் அது ஒரு நெளிகோடு.
இன்னும் போடப்படாத கேபிள் என்பதால்
விட்டுவிட்டு வரைந்திருக்கிறார்கள்.

பான் நகர அலுவலகம், நான்காம் மாடி.
கோப்பின் எடை இரண்டு கிலோ.
பதினாறு இணை இழைகள்,
ஒவ்வொன்றும் தலைமுடிப் பருமன்.
விண்ணப்பித்த நிறுவனத்துக்கு ஒரு தாய் நிறுவனம்,
தாய்க்கு ஒரு தாய்,
அவளுக்கு ஏதோ வெயில் தீவில் ஓர் அஞ்சல்பெட்டி.
அதற்குமேல் வம்சாவளி இல்லை.

"தாழ்வு, நடுத்தரம், உயர்வு.
ஒன்றில் டிக் போடுங்கள்" என்றார் கெர்லாக்.
"வியாழனுக்குள்."

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம்.
நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

நோர்டைக்கில் ரயில் கடலோரம் நின்றது.
கடல் இல்லை.
"வெளியே போயிருக்கிறது, சாயங்காலம் வந்துவிடும்"
என்றாள் வீப்கே ஊபென், இறால் படகுக்காரி.
அணைச் சரிவில் ஆடுகள்.
அடிவானம் வரை சேறு, மினுமினுப்பு,
சிப்பி கொத்தும் பறவைகள்.
இதன்முன் என் இரண்டு கிலோ
கடலில் கரைத்த பெருங்காயம்.

கற்கண்டின்மேல் கொதிக்கும் தேநீரை ஊற்றினாள்.
அது விரிசல்விட்ட சத்தம் பிடித்திருந்தது.
மேலே விட்ட பாலேட்டைக் கலக்கக் கூடாதாம்.
கலக்கிவிட்டேன். பார்க்காததுபோல் இருந்தாள்.

"கேபிள் வரப்போகும் வழி
யாருக்கெல்லாம் தெரியும்?"
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.
அவள் உரக்கச் சொன்னாள்:
"வலை போடுகிற எல்லோருக்கும்.
தெரியாவிட்டால் அறுத்துவிடுவோமே."
குறித்துக்கொண்டேன், பிறகு அடித்தேன்.
எந்தக் கட்டத்தில் அடங்கும் இது?

கொட்டகைக் கதவுக்கு முட்டாகக் கிடந்தது
ஒரு முழத் துண்டு:
துருவேறிய கம்பிக் கவசம்,
நடுவே பச்சை படர்ந்த செம்பு.
போன கோடையில் வலையில் ஏறியதாம்.
பேரரசர் காலத்துத் தந்திக் கேபிள்.
அதற்கும் ஒருவர் மீசையை நீவிக்கொண்டு
ஆபத்தில்லை என்று கையெழுத்திட்டிருப்பார்.
போர் மூண்டதும் முதலில் வெட்டுப்பட்டவை
சொற்கள்தாம்.
இப்போது அதன் வேலை,
காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் பார்ப்பது.
அதைச் சரியாகத்தான் செய்கிறது.

திரும்பும் ரயில் எம்டனில் நின்றது.
பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
எங்கள் பக்கம் எம்டன் என்றால்
எதற்கும் துணிந்த கெட்டிக்காரன்.
மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை
ஓர் இரவில் கொளுத்திவிட்டுப் போன கப்பல்
விட்டுச்சென்ற சொல்.
அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாமல்
பேரை மட்டும் வைத்துக்கொண்டோம்.
எந்தக் கேபிளில் வந்தது அது?
யார் அனுமதித்தார்கள்?

ஒற்று என்றால் வேவு.
ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்தும்.
நிலைமொழி நிற்கிறது, வருமொழி வருகிறது,
இரண்டும் தொடும் இடத்தில்
யாரும் கூப்பிடாமல்
நடுவில் வந்து நிற்கிறது ஒரு மெய்.
சொற்கள் சேராமலே இருந்தால்
பிழைக்கு இடமில்லை.
வாக்கியத்துக்கும்.

வரைபடத்தின் ஓரத்தில் இடமில்லை.
கடலிலேயே பென்சிலால் எழுதினேன்:
ஒற்று மிகும்.
மூன்ஸ்டர் வருவதற்குள் அழித்தேன்.
கோப்பில் வேற்றெழுத்து தென்பட்டால்
மொழிபெயர்க்க வேண்டும்,
எழுதியவரையும் மதிப்பிட வேண்டும்.
அந்த விதியை எழுதியதே நான்தான்.

இரண்டு புள்ளிகளில் ஒன்று போய்விட்டது.
மற்றது ரப்பருக்கு மசியவில்லை.
கரையிலிருந்து நானூறு மீட்டர்,
கோட்டை ஒட்டியே உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை.
நடுத்தரத்தில் டிக்.
கெர்லாக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வரைபடத்தின்மேல் குனிந்தார்.
"இங்கே என்ன இருக்கிறது?"

"சேறு" என்றேன்.

கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து
அந்தப் புள்ளியைச் சுற்றி
மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.